நடுவர் மேல் கை வைத்தால் எத்தனை ஆட்டத் தடை?

ஞாயிற்றுக்கிழமை மாலை. தோட்டத்துத் திடலில் எழுவர் காற்பந்துப் போட்டி. அரையிறுதி ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கிறது. நடுவர் விசில் ஊதி ஒரு பினால்டி கொடுக்கிறார். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் ஓடி வந்து நடுவரை நெஞ்சால் முட்டுகிறார். நடுவர் இரண்டடி பின்னால் போகிறார். கூட்டம் திடலுக்குள் இறங்குகிறது.

இப்படி ஒரு காட்சியைப் பார்க்காத வாசகர் நம்மில் குறைவு. அடுத்து நடப்பதும் தெரிந்த கதைதான். அன்றிரவே ஏற்பாட்டுக் குழு கூடும். "நல்ல பையன், கோபத்துல செஞ்சிட்டான்" என்பார் ஒருவர். "என்ன இருந்தாலும் நடுவர் மேல கை வைக்கலாமா?" என்பார் இன்னொருவர். "அவர் குடுத்த பினால்டியே தப்பு" என்பார் மூன்றாமவர். கடைசியில் பையன் எந்த அணி, குழுவில் அவனுக்கு வேண்டியவர் யார் என்பதைப் பொறுத்து ஒரு முடிவு வரும். ஓர் ஆண்டு மன்னிப்புக் கடிதத்தோடு முடியும். மறு ஆண்டு அதே தவற்றுக்கு வேறொரு பையன் ஆயுள் தடை வாங்குவான்.

இந்தச் சிக்கலுக்கு எண்களில் பதில் எழுதி வைத்திருக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அது ஐஸ் ஹாக்கி. நடுவரைத் தொட்டால் எத்தனை ஆட்டத் தடை என்று அமெரிக்கா, கனடா நாடுகளின் தேசிய ஹாக்கி லீக், சுருக்கமாக என்எச்எல், தன் விதிப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அப்படி எழுதி வைத்தும் அங்கே பெரிய வழக்குகள் வந்திருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்வது நம் திடலுக்கும் உதவும்.

பனித்தரையில் நான்கு நடுவர்கள்

ஹாக்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புல் திடல்தான். 1975ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தைக் கோலாலம்பூரில் நடத்தி நான்காம் இடம் பிடித்த நாடு நம்முடையது. ஐஸ் ஹாக்கி நமக்குப் புதிது. 2017ஆம் ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில்தான் அது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

ஐஸ் ஹாக்கியில் ஆட்டக்காரர்கள் காலில் இரும்புச் சக்கை பூட்டிய காலணியோடு பனித்தரையில் சறுக்கி ஓடுவார்கள். பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. அதன் எடை 170 கிராம் வரை இருக்கும். என்எச்எல் அரங்கின் ஆடுகளம் ஏறக்குறைய 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். சுற்றிலும் பலகைச் சுவர். அந்த அடைப்புக்குள் இரு அணிகளின் 12 பேரோடு நான்கு நடுவர்களும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

நால்வரில் இருவர் தலைமை நடுவர்கள். கையில் ஆரஞ்சுப் பட்டை கட்டியிருப்பார்கள். தண்டனை கொடுப்பது பெரும்பாலும் இவர்கள் வேலை. மற்ற இருவர் கோட்டு நடுவர்கள். ஆப்சைட் பார்ப்பது, வட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது இவர்கள் பொறுப்பு. ஆட்டக்காரர்கள் அடித்துக்கொண்டால் நடுவே புகுந்து பிரிப்பதும் இவர்கள்தான். அதனால் அடி விழும் ஆபத்தும் இவர்களுக்கே அதிகம்.

இவ்வளவு நெருக்கத்தில் உடம்பில் உடம்பு படாமல் இருக்க முடியாது. வேகமாக வரும் ஆட்டக்காரர் தவறி நடுவர் மீது மோதுவது அடிக்கடி நடக்கும். வட்டு நடுவர் மேல் பட்டாலும் பொதுவாக ஆட்டம் நிற்காது. அதற்கெல்லாம் தண்டனை இல்லை. "வேண்டுமென்றே" செய்தாரா என்ற கேள்வி வரும்போதுதான் விதிப் புத்தகம் திறக்கிறது.

மூன்று படிகள்

என்எச்எல் விதிப் புத்தகத்தின் 40ஆம் விதி நடுவர்கள் மீதான உடல் ரீதியான அத்துமீறலைப் பற்றியது. தவற்றை அது மூன்று படிகளாகப் பிரிக்கிறது.

முதல் படி மிகக் கடுமையானது. நடுவரை வேண்டுமென்றே அடித்துக் காயப்படுத்தினாலோ, காயப்படுத்தும் எண்ணத்தோடு பலத்தைப் பயன்படுத்தினாலோ, காயப்படுத்த முயன்றாலோ குறைந்தது 20 ஆட்டத் தடை.

இரண்டாம் படியில், காயப்படுத்தும் எண்ணம் இல்லாவிட்டாலும் வேண்டுமென்றே நடுவர் மேல் பலத்தைக் காட்டினால் குறைந்தது 10 ஆட்டத் தடை. நடுவர் மேல் எச்சில் துப்புவதும் இதில்தான் சேரும்.

மூன்றாம் படியில் வருபவை நடுவரை இழிவுபடுத்துவது, மிரட்டுவது, அவர் இருக்கும் பக்கமாக மட்டையையோ வட்டையோ எறிவது போன்றவை. சண்டையின்போது பிடித்து வைத்திருக்கும் நடுவரின் பிடியிலிருந்து விடுபடுவதற்காக மட்டும் அவரைத் தள்ளுவதும் இங்கேதான் வருகிறது. இவற்றுக்குக் குறைந்தது 3 ஆட்டத் தடை.

இந்தப் படிகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "நடுவரைத் தொட்டான்" என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடைத்துவிடும் செயல்களை இந்த விதி பிரித்துப் பார்க்கிறது. ஓங்கிக் குத்தியவனும் பிடியை உதறித் தள்ளியவனும் ஒன்றல்ல. இருவருக்கும் தண்டனை உண்டு, ஆனால் அளவு வேறு.

இப்படிப்பட்ட செயலுக்காக ஓர் ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்டால், ஆட்டம் முடிந்தவுடன் நடுவர்கள் கூடிப் பேசி அது எந்தப் படி என்று முடிவு செய்து லீக்கிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். சூடு ஆறி, சமாதானம் பேச ஆட்கள் வருவதற்கு முன்பே அது பதிவாகிவிடுகிறது.

இந்தத் தண்டனைகள் ஏட்டோடு நிற்பவையும் அல்ல. 1983ஆம் ஆண்டு சிக்காகோ அணியின் டாம் லைசியாக் கோட்டு நடுவர் ஒருவரின் காலை இடறி விட்டதற்கு 20 ஆட்டத் தடை பெற்றார். 2017 பிப்ரவரியில் அனஹைம் அணியின் அந்துவான் வெர்மெட், வட்டு போட்ட விதம் பிடிக்காமல் கோட்டு நடுவரின் காலில் மட்டையால் தட்டினார். பலத்த அடி இல்லை, யாருக்கும் காயமில்லை. ஆனாலும் 10 ஆட்டத் தடை விழுந்தது.

வைட்மன் வழக்கு

2016 ஜனவரி 27ஆம் தேதி. கனடாவின் கேல்கரி நகரில் கேல்கரி பிளேம்ஸ் அணியும் நேஷ்வில் பிரிடேட்டர்ஸ் அணியும் மோதின. இரண்டாம் பகுதி ஆட்டத்தில் கேல்கரியின் டெனிஸ் வைட்மனை எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் பலகைச் சுவரோடு இடித்தார். கீழே விழுந்த வைட்மன் எழுந்து தன் அணியின் இருக்கைப் பக்கம் சறுக்கிப் போனார். வழியில் கோட்டு நடுவர் டான் ஹெண்டர்சன் முதுகைக் காட்டியபடி இருந்தார். வைட்மன் இரு கைகளிலும் பிடித்திருந்த மட்டையோடு அவரைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளினார். ஹெண்டர்சன் விழுந்தார்.

காணொளியைப் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வேண்டுமென்றே அடித்தார் என்றது ஒரு தரப்பு. சற்றுமுன் தலையில் அடிபட்ட மனிதர் நிலை தடுமாறிப் போய் மோதினார் என்றது மறு தரப்பு. வைட்மனும் அப்படித்தான் சொன்னார். அந்த அடியில் அவருக்கு மூளை அதிர்வு ஏற்பட்டிருந்தது பிறகு உறுதியானது.

பிப்ரவரி 3ஆம் தேதி லீக் அவருக்கு 20 ஆட்டத் தடை விதித்தது. தடைக் காலத்துக்குச் சம்பளமும் இல்லை. அவருக்கு ஏற்பட்ட இழப்பு 5 லட்சத்து 64 ஆயிரம் அமெரிக்க டாலருக்கும் மேல்.

ஆட்டக்காரர் சங்கம் மேல்முறையீடு செய்தது. முதலில் அதை விசாரித்தவர் லீக்கின் ஆணையர் கேரி பெட்மன். அவர் 20 ஆட்டத் தடையை உறுதி செய்தார். வைட்மன் சக ஆட்டக்காரருக்கு அனுப்பிய ஒரு கைப்பேசிச் செய்தியை அவர் எடுத்துக் காட்டினார். அதில் வைட்மன் நடுவர்களையும் பத்திரிகைகளையும் திட்டியிருந்தார். செய்ததற்கு உண்மையாக வருந்தும் மனிதர் இப்படி எழுதுவாரா என்பது பெட்மனின் வாதம்.

லீக் ஒப்பந்தப்படி அடுத்த படி ஒன்று இருந்தது. லீக்கும் சங்கமும் சேர்ந்து நியமித்த நடுநிலைத் தீர்ப்பாளர் ஜேம்ஸ் ஓல்டமிடம் வழக்கு போனது. மார்ச் 11ஆம் தேதி அவர் தீர்ப்பு சொன்னார். காயப்படுத்தும் எண்ணம் வைட்மனுக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது, ஆகவே இது இரண்டாம் படி, 10 ஆட்டத் தடைதான் பொருந்தும் என்றார். இழந்த சம்பளத்தில் பாதி திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்குள் வைட்மன் 19 ஆட்டங்களில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆட்டங்களை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

கதை அங்கேயும் முடியவில்லை. லீக் ஓல்டமைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் தீர்ப்பை ரத்து செய்யக் கோரி நியூயார்க் கூட்டரசு நீதிமன்றத்துக்கும் போனது. 2017 ஏப்ரலில் நீதிமன்றம் லீக்கின் மனுவைத் தள்ளுபடி செய்தது. எது சரியான தண்டனை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தீர்ப்பாளரிடம் முடிவை ஒப்படைப்பதாக இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர் தன் அதிகாரத்துக்குள் நின்றே முடிவெடுத்தார், அவ்வளவே என்றது.

விழுந்தவர் என்ன ஆனார்?

வைட்மனுக்கு 20 ஆட்டமா, 10 ஆட்டமா என்ற விவாதத்தில் பலர் மறந்துபோன மனிதர் ஹெண்டர்சன். அன்று அவர் எழுந்து நின்று ஆட்டத்தை முடித்தும் கொடுத்தார். பிறகு மருத்துவமனைக்குப் போனார். கழுத்துக் காயத்துக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடுவராக இருந்தவர் அதற்குப் பிறகு என்எச்எல் பனித்தரையில் இறங்கவே இல்லை. 2018ஆம் ஆண்டு அவர் வைட்மன் மீதும் கேல்கரி அணி மீதும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

நடுவர் விஷயத்தில் தண்டனை ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு இந்த ஒருவரின் கதையே பதில். எதிரணி ஆட்டக்காரர் நம்மை எதிர்பார்த்து நிற்கிறார். மோதலுக்குத் தயாராக இருக்கிறார், திருப்பியும் மோதுவார். நடுவர் வட்டைப் பார்த்துக்கொண்டு, நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். அவர் திருப்பி அடிக்கக் கூடாது. அவருக்குப் பக்கபலமாக ஓடி வர அவருக்கென்று ஓர் அணி கிடையாது. அவரைக் காக்க இருப்பது விதிப் புத்தகம் மட்டும்தான்.

ஒரு தண்டனையால் எரிந்த தெரு

தண்டனை கடுமையாக இருந்தால் மட்டும் போதுமா? இதற்கு 1955ஆம் ஆண்டு மொன்ட்ரியல் நகரில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

மொன்ட்ரியல் கெனேடியன்ஸ் அணியின் மொரிஸ் ரிச்சர்ட் அக்காலத்தின் பெரிய நட்சத்திரம். 1944-45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்தவர். பிரெஞ்சு மொழி பேசும் கனடா மக்களுக்கு அவர் விளையாட்டாளர் மட்டுமல்லர், தங்கள் வீட்டுப் பிள்ளை. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் ஆங்கிலேயர் மேலே, தாங்கள் கீழே என்று வாழ்ந்த மக்கள் அவர்கள். ரிச்சர்ட் கோல் அடிக்கும்போது தாங்களே ஜெயித்ததாக நினைத்தார்கள். தோட்டத்துப் பையன் ஒருவன் மாநில அணிக்குத் தேர்வாகும்போது நமக்கு வரும் உணர்ச்சி அது.

1955 மார்ச் 13ஆம் தேதி போஸ்டனில் நடந்த ஆட்டத்தில் எதிரணி ஆட்டக்காரரின் மட்டை பட்டு ரிச்சர்டின் தலையில் இரத்தம் வந்தது. அவர் திருப்பி மட்டையால் அடித்தார். கோட்டு நடுவர் கிளிஃப் தாம்சன் அவரைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். ரிச்சர்ட் அவர் முகத்தில் குத்தினார். அதே பருவத்தில் முன்பும் ஒரு கோட்டு நடுவரிடம் கை நீட்டியவர் அவர்.

லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல், பருவத்தில் மிச்சமிருந்த ஆட்டங்கள் அனைத்துக்கும் அதைத் தொடர்ந்த கிண்ண ஆட்டங்களுக்கும் ரிச்சர்டைத் தடை செய்தார். மார்ச் 17ஆம் தேதி டெட்ராய்ட் அணியுடன் மொன்ட்ரியலில் ஆட்டம். கேம்பல் நேரில் வந்து உட்கார்ந்தார். தக்காளியும் முட்டையும் அவர் மேல் விழுந்தன. அரங்குக்குள் கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று வெடித்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி டெட்ராய்ட்டுக்கு வழங்கப்பட்டது. வெளியே சேன் கேத்தரின் தெருவில் கடைகள் உடைக்கப்பட்டன. பலர் காயமடைந்தார்கள், பலர் கைதானார்கள். மறுநாள் ரிச்சர்டே வானொலியில் பேசி மக்களை அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று.

அந்தப் பருவத்தின் அதிகப் புள்ளி பெற்றவர் பட்டத்தை ரிச்சர்ட் ஒரே ஒரு புள்ளியில் தன் அணித் தோழர் பெர்னி ஜெஃப்ரியோனிடம் இழந்தார். அணி கிண்ணத்தையும் டெட்ராய்ட்டிடம் பறிகொடுத்தது.

நடுவரை முகத்தில் குத்தியவருக்குத் தடை வந்தது நியாயமே. ஆனால் எத்தனை ஆட்டம் என்பதை முடிவு செய்தவர் ஒரே மனிதர். அந்த மனிதர் தங்களை மதிக்காதவர் என்று மக்கள் ஏற்கெனவே நம்பியிருந்தார்கள். தண்டனை சரியாக இருந்தாலும், தண்டிப்பவர் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் அதைப் பழிவாங்கலாகவே ஊர் பார்க்கும். பிற்காலத்தில் லீக் தவறுகளைப் படி படியாக எழுதி வைத்ததும், தண்டனையை நடுநிலைத் தீர்ப்பாளர் வரை கொண்டு போக வழி திறந்ததும் எவ்வளவு தேவையானவை என்பது இந்தக் கதையைப் படித்தால் புரியும்.

நம் ஹாக்கியில் எப்படி?

புல் திடல் ஹாக்கியில் நடுவர் கையில் மூன்று அட்டைகள். பச்சை அட்டைக்கு 2 நிமிடம் வெளியே. மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது 5 நிமிடம். சிவப்பு அட்டை காட்டினால் அந்த ஆட்டம் முழுக்க வெளியே, அணியும் ஓர் ஆள் குறைவாகவே ஆட வேண்டும். நடுவர் மீது கை வைத்தவருக்குச் சிவப்பு அட்டையோடு விஷயம் முடியாது. அதன் பிறகான தடையைப் போட்டியை நடத்தும் அமைப்பின் ஒழுங்கு விதிகள் முடிவு செய்யும்.

இந்த ஹாக்கியும் பெரிய அவமானத்தைப் பார்த்திருக்கிறது. 1972 மூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் பாகிஸ்தான் 0-1 எனத் தோற்றது. நடுவர்கள் தங்களை ஏமாற்றிவிட்டதாகப் பாகிஸ்தான் தரப்பு கொதித்தது. அனைத்துலக ஹாக்கி சம்மேளனத்தின் தலைவர் ரெனே பிராங்க் மேல் தண்ணீர் ஊற்றப்பட்டது. பதக்கம் வழங்கும்போதும் ஆட்டக்காரர்கள் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டார்கள். அவர்களுக்கு ஆயுள் தடை விதிக்கப்பட்டு, பின்னர் அது தளர்த்தப்பட்டது. கோபத்தில் பெரிதாகப் போட்டு, பிறகு குறைக்கும் தண்டனை அங்கேயும் நடந்தது.

நம் திடலுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

கோயில் திருவிழாக் கிண்ணமோ, தீபாவளிக் கிண்ணமோ, போட்டி நடத்தும் குழுக்கள் நான்கு காரியங்களைச் செய்யலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

முதலாவது, தண்டனையைப் போட்டி தொடங்குவதற்கு முன்பே எழுதுங்கள். அணிகள் பெயர் பதியும் தாளிலேயே அது இருக்கட்டும். மிரட்டல் ஒரு படி, தள்ளுவது அடுத்த படி, அடிப்பது அதற்கும் மேல் படி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அணி நிர்வாகி கையெழுத்துப் போட்ட பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, நடுவரின் அறிக்கையை அன்றைக்கே வாங்குங்கள். அரைப் பக்கம் போதும். என்ன நடந்தது, எங்கே பட்டது, என்ன பேசினார்கள் என்பதை நடுவர் தன் வாயால் சொல்ல இடம் கொடுங்கள். நம் குழுக் கூட்டங்களில் பெரும்பாலும் அவரைத் தவிர எல்லோரும் பேசுகிறார்கள்.

மூன்றாவது, தண்டனை விதித்தவரே மேல்முறையீட்டையும் விசாரிக்க வேண்டாம். இரண்டு அணிக்கும் சம்பந்தமில்லாத ஒரு பெரியவரையோ, ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியரையோ முன்கூட்டியே அந்தப் பொறுப்புக்குக் கேட்டு வையுங்கள். முறையீட்டைச் சில நாட்களுக்குள் முடியுங்கள். தடையை முழுவதும் அனுபவித்த பிறகு வரும் நியாயம் வைட்மனுக்குக் கிடைத்தது போலத்தான் இருக்கும்.

நான்காவது, தலையில் அடிபட்ட ஆட்டக்காரரை உடனே வெளியே உட்கார வையுங்கள். வைட்மன் அன்று தலையில் அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடினார். மயங்கிய நிலையில் ஆடுபவர் தனக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடுவர் தவறே செய்யமாட்டார் என்பதில்லை. அந்தப் பினால்டி உண்மையிலேயே தப்பாக இருந்திருக்கலாம். அதைக் கேட்க ஒரு வழி இருக்க வேண்டும். அணித்தலைவர் பேசலாம், நிர்வாகி எழுத்தில் புகார் கொடுக்கலாம். அந்த வழி அடைபட்டுக் கிடந்தால் கோபம் கைக்குத்தான் போகும். ஆனால் நடுவர் செய்த தவறு, அவர் மேல் கை வைத்ததற்குச் சாக்காக ஆகிவிடக் கூடாது. இரண்டையும் தனித்தனியாக விசாரியுங்கள்.

இன்று பல வட்டாரங்களில் போட்டி நடத்த ஆள் இருக்கிறது, அணி இருக்கிறது, கிண்ணம் கொடுக்க ஆதரவாளரும் இருக்கிறார். விசில் பிடிக்கத்தான் யாரும் முன்வருவதில்லை. ஐம்பது, நூறு ரிங்கிட் படிக்காக வெயிலில் நின்று, ஏச்சு வாங்கி, அடியும் வாங்க யாருக்கு மனம் வரும்? அடுத்த முறை குழு கூடும்போது கிண்ணத்தின் உயரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், நடுவராக நிற்கப் போகிறவருக்கு என்ன பாதுகாப்பு தரப் போகிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.